முகம் பொருந்தவில்லை

இரத்தினபுரி
02.03.2025

அன்புள்ள தங்கை தர்மிளாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இவ்விடம் அம்மாவும் நானும் சுகமே. அம்மாவின் முழங்கால் வலி மழை விட்டால் விடுகிறது, மழை தொடங்கினால் தொடங்குகிறது. இரத்தினபுரியில் அதற்கு என்ன பொருள் என்பது உனக்குத் தெரியும். நீ உடல் நலத்தோடு இருக்கிறாய் என்ற செய்தியை எதிர்பார்க்கிறோம்.

சென்ற மாதம் முழுவதும் உன்னைப் போனில் அழைத்தேன். நீ எடுக்கவில்லை, நீயாகவும் அழைக்கவில்லை. நேற்று உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் சுதர்ஷினி, நம் அம்மாவுக்குப் போனில் பேசி, "போன் பண்ண வேணாமாம், அண்ணாவ கடிதம் போடச் சொன்னாங்க" என்று தகவல் சொன்னாள். அம்மா உடனே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். "நீ என்னமோ சட்டம் பேசியிருப்ப. புள்ள கோவிச்சுக்கிச்சு" என்கிறார். நான் அறிந்து அப்படி எதுவும் பேசவில்லை. பேசியிருப்பின் நிபந்தனையின்றி வருந்துகிறேன்.

கடிதம் எழுதுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுத்தில் இருப்பது எப்போதும் நல்லது. எனினும் காரணம் அறிய விரும்புகிறேன். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வந்த முதல் பெண் நீ என்பதற்காக அம்மா கோயிலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அந்த வேலையில் உனக்கு ஏதேனும் இடையூறு உண்டா? உண்டெனில் முழுமையாக எழுது. இல்லையெனில் இல்லை என்று எழுது.

உன் பதிலை எதிர்நோக்கும்,
அண்ணன் கிருஷ்ணராஜ்

*

கல்லூத்துத் தோட்டம்,
கித்துல்கல
11.03.2025

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். நான் நலம். அம்மாவை முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேய்த்துவிட்டதாகச் சொன்னால் நம்ப வேண்டாம், போத்தலைப் பாருங்கள்.

கோபம் ஒன்றும் இல்லை. ஜனவரியில் தோட்டம் எனக்கொரு போன் கொடுத்தது. அதில் ஒரு செயலி. காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போனைப் பிடிக்க வேண்டும். அது அடையாளம் கண்டால்தான் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழாவிட்டால் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் வேலை செய்த நாளாகாது. தராசும் இப்போது போனோடுதான் பேசுகிறது. மணிக்கொரு தடவை மலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குழுக்கள் மூன்று. மாலையில், எடுத்த கொழுந்தைப் பார்த்துப் பிரிவுகளை நிறம் பிரித்துப் போடுவார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு.

சிரிப்புக்கும் குறைவில்லை. மழையில் போன் ஒருவர் முகத்தைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். தங்கம்மா அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்தானே, என் பிரிவில் வாய்க்கும் கைக்கும் முதல் ஆள். அவர் சொன்னார்: "ஏம்மா, இந்தப் பொட்டி என் மொகத்த இவ்ளோ நேரமா பாக்குதே, பொண்ணு பாக்க வந்திருக்கா? புடிச்சிருந்தா புடிச்சிருக்குன்னு சொல்லச் சொல்லுங்க, கொழுந்துக்குப் போவணும்!" நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

பிழை நான் செய்ததுதான். ஒரு கையில் குடை, மறு கையில் அந்தப் போன். இன்னொரு போனுக்கு மூன்றாவது கை இல்லையென்று என் சிம்மையும் அதிலேயே போட்டுவிட்டேன். நீங்கள் அழைத்தாலும், உதவி முகாமையாளரான எங்கள் சின்ன துரை அழைத்தாலும் அதே சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் இன்றைக்கு என்ன பிழை விட்டேன் என்று தேடத் தொடங்குகிறேன். உங்கள் பெயரைப் பார்த்த பிறகும் அந்தத் தேடல் நிற்பதில்லை. அந்த நேரத்தில் பேசினால் உங்கள் மேல் எரிந்து விழுவேன். கடிதம் சத்தம் போடாது. அதனால்தான். மற்றபடி நலம்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
தங்கை தர்மிளா

*

இரத்தினபுரி
16.03.2025

அன்புள்ள தர்மிளாவுக்கு,

உன் கடிதம் கண்டு ஆறுதல் அடைந்தோம். போத்தலைப் பார்த்தேன். நீ சந்தேகித்தது சரி.

நீ நலம் என்று ஒரே கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாய். கேட்காத கேள்விக்குச் சாட்சி மூன்று முறை பதில் சொன்னால், குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும். ஆகவே சில கேள்விகள்.

செயலி ஒருவரது முகத்தை ஏற்க மறுத்தால் நீ என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தந்திருக்கிறார்களா? தராவிட்டால் நீயே எழுதிக் கேள். வாய்ப் பேச்சை நம்பி நடக்காதே. இந்தக் கருவி வந்த பின்னர் உன் பிரிவில் கொழுந்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் அதன் பொருட்டு உன்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களா? கடைசியாக, இரவில் என்ன சாப்பிடுகிறாய்?

நான்காவது கேள்வி அம்மாவுடையது என்று நீ நினைக்கக்கூடும். அது என்னுடையது.

கித்துல்கல பேருந்தின் நடத்துனரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சீனிச் சம்பல் அம்மா செய்தது. டோர்ச் லைட் நான் வாங்கியது.

உன் நலம் நாடும்,
அண்ணன்

*

கல்லூத்துத் தோட்டம்
20.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அம்மாவுக்கும்,

புத்தாண்டு வாழ்த்துகள். வருடப்பிறப்புக்கும் வராமல், பதிலும் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சீனிச் சம்பலில் பாதியைச் சுதர்ஷினி முடித்துவிட்டாள்.

கேள்விகளுக்கு வருகிறேன். எழுத்தில் எதுவும் தரவில்லை. சின்ன துரையிடம் கேட்டேன். "நங்கி, சிஸ்டம் எக வரதின்னே நே" என்றார். தங்கச்சி, சிஸ்டம் தவறாது என்பது அந்தச் சிங்களத்தின் பொருள்; தவறுவதெல்லாம் ஆட்கள் என்பது உட்பொருள்.

கொழுந்து குறைந்துவிட்டது. ஏனென்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் இடமில்லை. எல்லார் முகத்தையும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. நிறுக்கும் இடத்தில் முன்பெல்லாம் நிறையைச் சத்தமாகச் சொல்வேன். பின்னால் நிற்பவளுக்கும் கேட்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது எண் போனுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொருவரும் கூடையோடு குனிந்து, "காட்டுங்க பாப்போம்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வரிசை நீள்கிறது, கொழுந்து வாடுகிறது, மாலையில் எங்கள் பிரிவு சிவப்பு. ஏன் சிவப்பு என்று விளக்கம் எழுத வேண்டும், அதுவும் போனில், ஆங்கிலத்தில். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது நான் மலையில் நடப்பதில்லை. நடக்காவிட்டால் மறுநாளும் கொழுந்து குறைகிறது. மறுநாளும் விளக்கம் எழுதுகிறேன்.

இந்தப் பிரிவில் எல்லார் பேரும் எனக்கு மனப்பாடம் அண்ணா. பேரப் பிள்ளைகளின் பேரும் தெரியும். சென்ற வாரம் பெரட்டில் தங்கம்மா அக்கா முன்னால் வந்து நிற்கிறார், எனக்குப் பேர் வரவில்லை. போனைப் பார்த்துத்தான் சொன்னேன். "என்னம்மா, நீங்களும் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

டோர்ச் நன்றாக எரிகிறது.

தங்கை தர்மிளா

*

இரத்தினபுரி
27.04.2025

அன்புள்ள தர்மிளாவுக்கு,

அம்மா சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பேர் மறந்துபோன பகுதியை இரண்டு முறையும் நான் வாசிக்கவில்லை.

நான்காவது கேள்விக்கு நீ பதில் தரவில்லை. நீதிமன்றில் மௌனத்தையும் குறித்துக்கொள்வார்கள்.

இனி எழுதுவதை அறிவுரையாகக் கொள்ளாதே. உன் முன் உள்ள ஒரு தெரிவாகக் கொள். என் நண்பர் சட்டத்தரணி நிலாம் தமது அலுவலகத்துக்கு நம்பிக்கையான ஒருவரைத் தேடுகிறார். நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஒருவர் தமக்கு ஒவ்வாத வேலையிலிருந்து ஒழுங்கான முறையில் விலகுவதில் எந்த இழுக்கும் இல்லை. வேலையை இழப்பதற்கும் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது நேர்வதற்குள் பின்னதைச் செய்வதே புத்தி என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயம் தவறாகவும் இருக்கலாம்.

மே மாதம் பத்தொன்பதாம் திகதி அவிசாவளை நீதிமன்றில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதற்கு முன் உன் முடிவை எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

கல்லூத்துத் தோட்டம்
01.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். முடிவை எழுதச் சொன்ன திகதி போய்விட்டது. முடிவு இதுதான்: நான் விலக மாட்டேன். இந்த மலையில் எந்தச் செடி எப்போது கொழுந்துக்கு வரும் என்று பார்த்து ஆட்களை அனுப்புவதுதான் நான் படித்த, எனக்குப் பிடித்த ஒரே வேலை. ஆனால் அவர்களே என்னை விலக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

மே மாதம் எங்கள் கோயில் திருவிழா. தங்கம்மா அக்காவின் மகளுக்குப் பிரசவம் கடினமாகி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். அந்த நேர்த்திக்காக அவர் மொட்டை போட்டுக்கொண்டார். அவரோடு வேறு இரண்டு பெண்களும். மறுநாள் காலை பெரட்டில் தூறல். முகமெல்லாம் மஞ்சள். போனைப் பிடித்தேன். 'முகம் பொருந்தவில்லை' என்றது. மூன்று பேருக்கும் அப்படியே.

"மாரியாத்தாளுக்கே அடையாளம் தெரிஞ்ச மொகம், இந்தப் பொட்டிக்குத் தெரியலையாம்!" என்றார் தங்கம்மா அக்கா.

பின்னாலிருந்து ஒருத்தி, "எக்கா, மொட்டையில நீ ஒன் வீட்டுக்காரரு மாதிரியே இருக்க. பொட்டி அவருக்குப் பேர் போட்டிரப் போகுது!" என்றாள்.

"அவருக்கா? அவரு வேலைக்கு வந்தா இந்தப் பொட்டியே நம்பாது."

அப்போது வேறொருத்தி தன் கொண்டையை அவிழ்த்துச் சவுரியை நீட்டினாள். "இந்தா, இத வச்சுப் பாரு. பத்திரம்க்கா, கோயிலுக்குன்னு வாங்கினது." ஒருவர் முகத்தைத் துண்டால் துடைத்தார், ஒருவர் சவுரியை நெற்றி மேல் பிடித்தார், இன்னொருவர் குடை பிடித்தார். நான் போனைப் பிடித்தேன். பச்சைச் சரி அடையாளம் விழுந்தது! களமே கை தட்டியது. அதே சவுரி அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. மூன்று பேருக்கும் பேர் விழுந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன் அண்ணா. இந்த வருடம் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

படங்கள் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. மூன்று முகங்களில் ஒரே முடி இருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஆள்மாறாட்டத்துக்கு உடந்தையாக இருந்தேன் என்று கடிதம் வந்திருக்கிறது. மூவருக்கும் அன்றைய பேரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இம்மாதம் தோட்ட முகாமையாளர் பெரிய துரை விசாரிப்பார். குற்றம் நிரூபிக்கப்பட்டால் வேலை போகும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இரவில் சோறில்லை, தேநீரில் தோய்த்துப் பாண் சாப்பிடுகிறேன். சில நாள் அதுவும் இல்லை. கேட்டிருந்தீர்கள்.

தங்கை தர்மிளா

*

இரத்தினபுரி
05.06.2025

அன்புள்ள தர்மிளாவுக்கு,

நிலாமின் அலுவலகம் பற்றிய என் முன்மொழிவை மீளப் பெற்றுக்கொள்கிறேன். உன் முடிவே முடிவு. இனி அதைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் பேசுவோம்.

ஆள்மாறாட்டம் என்பது ஒருவர் தம்மை இன்னொருவராகக் காட்டுவது. தங்கம்மா அன்று தங்கம்மாவாகவே வந்தார்; தங்கம்மாவாகவே பேர் பெற்றார்; தங்கம்மாவாகவே கொழுந்து எடுத்தார். தம்மைத் தாமாகவே காட்டிக்கொண்ட ஒருவரை எந்தச் சட்டத்தின் கீழ் ஆள்மாறாட்டக்காரர் என்பது? மற்ற இருவருக்கும் இதுவே பொருந்தும். சவுரி ஒரு ஆள் அல்ல. அன்று மாலை மூவரும் நிறுத்த கொழுந்து தோட்டத்தின் கணக்கிலேயே இருக்கும். அதைக் காட்டும்படி மரியாதையாகக் கேள். முகம் பொருந்தாதபோது செய்ய வேண்டியது என்னவென்று நீ கேட்டாய், எழுத்தில் எதுவும் தரப்படவில்லை என்பதையும் சொல்.

இத்துடன் பதிலின் வரைவை வைத்திருக்கிறேன். உள்ளக விசாரணையில் சட்டத்தரணிக்கு இடமில்லை, ஆகவே நான் வர இயலாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். சவுரி யாருடையது என்று கேட்டால் நினைவில்லை என்று பொய் சொல்லாதே. சொல்ல விரும்பவில்லை என்று சொல். சிரித்ததைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவராகவே, "பாப்பாவுக்கு என்னமோ சரியில்ல. ஒன் மொகத்த பாத்தா தெரியுது" என்றார்.

இரவில் சோறு சாப்பிடு. இது அறிவுரைதான்.

அண்ணன்

*

கல்லூத்துத் தோட்டம்
25.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். அம்மாவிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். வேலை போகவில்லை!

பெரிய துரையின் அறையில் விசாரணை. செயலியைப் பார்த்துக்கொள்ளும் ஆதிப் என்பவரைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நான் உங்கள் வரைவை வாசித்தேன். 'சவுரி ஒரு ஆள் அல்ல' என்ற இடத்தில் பெரிய துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைய நிறுவைக் கணக்கைப் பார்த்தார். பிறகு தங்கம்மா அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"தொரைங்களே, நான் நான்தாங்க. என் மொகத்துல மாத்தின ஒண்ணே ஒண்ணு ஆத்தாளுக்குக் குடுத்த மயிருங்க. அத திருப்பிக் கேக்கவா முடியும்?"

ஆதிப் நல்ல மனிதர். படங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடிய வச்சி இது ஆள அடையாளம் எடுக்கிறல்ல சேர். கண்ணு, மூக்கு, தாடை, அவ்வளவுதான். மஞ்சளும் மழத் தண்ணியும் பட்டா கொழம்பிடும். மொகத்த தொடச்சதாலதான் எடுத்திருக்கு. சவுரி இல்லாட்டியும் எடுத்திருக்கும்."

தங்கம்மா அக்கா உடனே, "அப்ப ஒரு துண்டு போதுமாங்க? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பெரிய துரை சிரித்துவிட்டார். "நீயும் சிரித்தாயா?" என்று என்னிடம் கேட்டார். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றீர்கள். ஆனால் அவர் கேட்டுவிட்டார். "சிரித்தேன் சேர்" என்றேன்.

மூவருக்கும் பேர் கிடைத்தது. எனக்குத்தான் தண்டனை. கருவியைப் பொறுப்பின்றிக் கையாண்டதற்காக, மறு அறிவித்தல் வரை அந்தப் போனை நான் தொடக்கூடாது. அதைச் சுதர்ஷினியிடம் ஒப்படைத்துவிட்டு நான் மலையை மட்டும் பார்க்க வேண்டும். அண்ணா, இப்படி ஒரு தண்டனையை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? இதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய வேண்டுமா?

இன்னொன்று. திரும்பி வரும் வழியில் தங்கம்மா அக்கா கேட்டார்: "திருவிழாவுக்கு அடுத்த வாரம் கோயிலடியில வெள்ளச் சட்டை, கறுப்புக் குடையோட ஒருத்தர் நின்னு ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரே, சாடையில ஒங்க மாதிரி. சொந்தமா? இல்ல மாப்பிள்ள பாக்க வந்தவரா?"

அந்த வாரம் உங்களுக்கு அவிசாவளையில் வழக்கு என்றுதானே எழுதியிருந்தீர்கள்?

தங்கை தர்மிளா

*

இரத்தினபுரி
30.06.2025

அன்புள்ள தர்மிளாவுக்கு,

உன் கடிதத்தை அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்கிறார். சவுரிப் பகுதியை மட்டும் வாசித்தேன். மேன்முறையீடு வேண்டாம். என் தொழில் வாழ்வில் இத்தனை உறுதியோடு ஓர் ஆலோசனை வழங்கியதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். அவிசாவளையில் வழக்கு இருந்தது உண்மை. அது தவணை போடப்பட்டதும், அதன்பின் நான் எந்தப் பேருந்தில் ஏறினேன் என்பதும் நீ கேட்காதவை. ஆகவே நான் சொல்லவில்லை.

பதில் வராததால் வந்தேன். நீ கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து இறங்கி வந்தாய். போனில் ஏதோ எழுதியபடி, தலை நிமிராமல், கோயிலடியில் நின்ற என்னை நெருங்கினாய். என் குடையின் முனை உன் தோளில் பட்டது. "சொரி" என்றாய். சொல்லிவிட்டு நடந்தாய். என்னை நீ பார்க்கவில்லை.

கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டால் அதுவும் உனக்கு இன்னுமொரு சத்தமாகிவிடும் என்று தோன்றியது. நீ மிகவும் மெலிந்திருந்தாய். அடுத்த பேருந்தில் திரும்பி வந்து அம்மாவிடம், "பார்த்தேன், நன்றாக இருக்கிறாள்" என்றேன். அவ்விரண்டில் ஒன்று மட்டுமே உண்மை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தங்கம்மா அக்காவின் சாட்சியத்துக்கு எதிராக வாதாட என்னால் இயலாது.

அன்புடன்,
அண்ணன்

*

கல்லூத்துத் தோட்டம்
03.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். 'சொரி' என்ற சொல்லைத் தாண்டி எழுத முடியவில்லை. அதனால் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மா சுகமா? நான் இப்போது சோறுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஒரு நாளில் மலையின் இரண்டு பக்கமும் நடக்கிறேன். எங்கே கொழுந்து முற்றப் போகிறது என்று பார்த்து ஆட்களை மாற்றி அனுப்ப முடிகிறது. ஜூலையில் எங்கள் பிரிவு இரண்டு முறை பச்சை. சின்ன துரை அதைச் செயலியின் வெற்றி என்று குழுவில் போட்டாராம்.

ஆனால் ஒன்று. அந்தப் போன் இப்போது சுதர்ஷினியின் கையில். அவள் அலுவலகத்தில் இருந்து கணக்குப் பார்த்த பிள்ளை. இப்போது காலையில் பெரட்டு, மாலையில் நிறுவை, நடுவில் விளக்கம் எழுதுவது. சம்பளக் கணக்கில் பிழை விட்டு ஏச்சு வாங்கினாள். பெல்மதுளையிலிருந்து அவள் அம்மா அழைத்தால் எடுப்பதில்லை. நேற்று அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். போன் அடித்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். என்னடி என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். இந்தப் பதில் எனக்குத் தெரியாதா?

என் தண்டனையை இப்போது அவள் அனுபவிக்கிறாள். போனை நானும் அவளும் வாரம் மாற்றி வைத்துக்கொள்கிறோம் என்று கேட்கப் போகிறேன். முகம் பொருந்தாவிட்டால் பேரை எழுதிக்கொண்டு ஆளை வேலைக்கு அனுப்பலாம் என்று எழுத்தில் தர வேண்டும். நிறையைச் சத்தமாகச் சொல்ல விட வேண்டும். நிறுவை முடிந்ததும் போன் அலுவலக மேசையில் இருக்க வேண்டும், எங்கள் தலையணையில் அல்ல. இதை மனுவாக எழுதித் தருவீர்களா?

தங்கை தர்மிளா

*

இரத்தினபுரி
10.08.2025

அன்புள்ள தர்மிளாவுக்கு,

அம்மா சுகம்; எண்ணெய்ப் போத்தலும் குறைகிறது.

தமக்குச் சாதகமான தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் கட்சிக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. சட்டத்தரணி என்ற முறையில் இதை ஆட்சேபிக்கிறேன். அந்தப் போன் மீண்டும் உன் கைக்கு வருவதை அண்ணன் என்ற முறையில் இன்னும் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். கோயிலடியில் நின்றது நான்.

மனு இத்துடன் இருக்கிறது. கொழுந்து குறைந்த மாதங்களையும் கூடிய மாதத்தையும் முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் தூக்கத்தைவிட அதை அவர்கள் விரைவில் வாசிப்பார்கள். சுதர்ஷினியும் ஒப்பமிட வேண்டும். அவள் சம்மதமின்றி அவளுக்காக எதையும் கேட்காதே. நீ மீண்டும் இரவில் சாப்பிடாமல் விட்டால் எனக்கு எழுதுவாய் என்ற வாக்குறுதி எனக்கு வேண்டும். அதற்கு ஒப்பம் தேவையில்லை.

அண்ணன்

*

கல்லூத்துத் தோட்டம்
07.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரின் சுகமும் வேண்டுகிறேன். பெரிய துரை மனுவை இரண்டு முறை வாசித்து, "இத எழுதினது யாரு?" என்று கேட்டார். அண்ணா என்றேன். "அவருகிட்ட நமக்கு வழக்கு வராம இருக்கணும்" என்றார். வாரம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். முகம் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று எழுத்தில் தந்துவிட்டார். நிறையைச் சத்தமாகச் சொல்லலாம். போனை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை, அவசரம் வரலாமாம். பார்ப்போம். சுதர்ஷினி நேற்றுத் தன் அம்மாவோடு போனில் வெகுநேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

சென்ற திங்கட்கிழமை என் முறை தொடங்கியது. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்: ஞாயிறு இரவு சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். சுதர்ஷினி பார்த்துவிட்டாள். இன்னொரு வாரம் போனைத் தானே வைத்திருக்கிறேன் என்றாள். நான் கொடுக்கவில்லை.

பெரட்டில் நல்ல மழை. நாலைந்து பேருக்கு முகம் பொருந்தவில்லை. அவர்கள் பேரை எழுதிக்கொண்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, எல்லாரையும் மேல் மலைக்கு அனுப்பினேன். நானும் பின்னால் ஏறினேன். பாதி வழியில் போன் அடித்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதை வழுக்கல், அட்டைக் கடி வேறு. நான் நிற்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மேலே போய், யார் யார் எந்த நிரை என்று காட்டிவிட்டு, கூடைகள் செடிக்குள் இறங்கிய பிறகு, மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

சின்ன துரை. "ஏன் நங்கி இவ்வளவு நேரம்? என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

"மலை ஏறிட்டு இருந்தேன், சேர்" என்றேன்.

அன்புத் தங்கை,
தர்மிளா